பீரோவுக்குள் நின்ற 1998

போன இதழில் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் தோட்டத்தில் நிற்கவில்லை, நேராகப் பாட்டிலுக்குப் போய்விட்டன. கம்பம், கூடலூர், குமுளி, அந்தப் பக்கம் செங்கோட்டை, களியக்காவிளை, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லை நெடுகிலும் ஒரே விசாரிப்புதான்: பழைய சிவப்பு ஒயின். குடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. குடிக்கிறவர்களும் இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, என் மச்சான் பிரான்ஸில் ஹோட்டல் வேலையில் இருக்கிறார். 2010-ல் ஊருக்கு வந்தபோது ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்து, "இதைத் திறக்காதீங்க, பழசாகப் பழசாக மதிப்பு ஏறும்" என்று சொன்னார். லேபிளில் சேன்ட் எமிலியோன் என்றும் 1998 என்றும் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து பீரோவில் நிற்க வைத்தபடியே இருக்கிறது. அடுத்த மாதம் மச்சான் வருகிறார். திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா? எப்படிக் குடிப்பது? சோடா கலக்கலாமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: முதலில் சோடா. வேண்டாம். ஐஸும் வேண்டாம்.

இன்னும் வைக்கலாமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்பதுதான் பதில். உங்கள் மச்சான் சொன்னதில் பாதிதான் சரி. உலகத்தில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி, கடைக்கு வந்த சில வருடங்களுக்குள் குடித்து முடிக்க வேண்டியது. இருபது, முப்பது வருடம் தாங்கி, தாங்கியதோடு ருசியும் கூடுவது கொஞ்சம்தான். உங்களிடம் இருப்பது தாங்கக்கூடிய வகை. சேன்ட் எமிலியோன் என்பது பிரான்ஸின் போர்தோ பகுதியில் தோர்தோன் ஆற்றின் வலக்கரைப் பக்கம் இருக்கும் ஊர், அங்கே மெர்லோ திராட்சைதான் அதிகம், கூடக் கொஞ்சம் காபர்நே ஃப்ரான். லேபிளில் இருக்கும் 1998, திராட்சை பறித்த வருடம். அந்த வருடம் வலக்கரைக்காரர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த வருடம். ஆக ஊரும் சரி, வருடமும் சரி. எனக்குச் சந்தேகம் உங்கள் பீரோ மேல்தான்.

இந்த மாதிரி ஒயின் 12, 13 டிகிரிக் குளிரில், இருட்டில், ஆடாமல் அசையாமல், படுத்த நிலையில் கிடக்க வேண்டும். படுத்துக் கிடந்தால்தான் கார்க் நனைந்தபடி இருக்கும். நிற்க வைத்தால் நாளாக நாளாகக் காய்ந்து சுருங்கும், சுருங்கினால் காற்று உள்ளே போகும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இரும்பு பீரோவைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். பகல் சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளுகிறது, இரவு குளிர்ந்ததும் சுருங்கி வெளிக்காற்றை இழுக்கிறது, இப்படி வருடக்கணக்கில் நடந்தால் உள்ளே இருப்பது வெந்துபோன ஜாம் மாதிரி ஆகிவிடும். முப்பது டிகிரிக்கு மேல் வாரக்கணக்கில் இருந்தாலே போதும், கெடுவதற்கு. அதனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம், ஆனால் திறக்காமல் சாக்கடையில் ஊற்றவும் வேண்டாம். இதைவிட மோசமாகக் கிடந்த பாட்டில்களும் பிழைத்து வந்ததுண்டு.

திறப்பதற்கு முன்னாலேயே ஓரளவு தெரிந்துவிடும். பாட்டிலை வெளிச்சத்தில் வைத்து மட்டத்தைப் பாருங்கள். ஒயின் கழுத்தின் அடிப்பக்கம் வரை இருந்தால் இந்த வயதுக்கு நல்ல அறிகுறி, தோள்பட்டையின் மேல்பக்கம் என்றாலும் பரவாயில்லை, தோள்பட்டைக்கும் கீழே இறங்கியிருந்தால் காற்று நிறையவே போயிருக்கிறது. அடுத்தது, வாயைச் சுற்றிய தகட்டு மூடியைத் தடவிப் பாருங்கள்: பிசுபிசுப்பாக இருக்கிறதா, காய்ந்த கறை வழிந்திருக்கிறதா, கார்க் தலை தூக்கி நிற்கிறதா. மூன்றும் சூட்டின் வேலை. தகட்டைக் கத்தியால் வெட்டி எடுத்ததும் கார்க் மேல் கருப்பாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் பயப்படாதீர்கள், ஈரமான நிலவறையில் கிடந்த பாட்டிலுக்கு அது சகஜம், துடைத்துவிடலாம்.

திறக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே ஃப்ரிட்ஜில் பின்தட்டில் நிறுத்திவிடுங்கள். கதவில் வைக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு தடவையும் குலுங்கும். ஏன் நிறுத்த வேண்டும் என்றால், பழைய சிவப்பு ஒயினில் மண்டி இருக்கும், அது அடியில் போய்த் தங்க வேண்டும். இந்த மண்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், பழைய ஒயினைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்று ஒன்று இருக்கிறது, ஓக் மரப்பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் வரும். கடுக்காயில் துவர்ப்பு தருவதும் இந்தக் குடும்பம்தான். இளம் ஒயினைக் குடித்தால் ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும். வருடங்கள் போகப் போக இந்த டானின்களும் தோலின் நிறப்பொருளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிதாகின்றன, ஒரு கட்டத்தில் கரைந்திருக்க முடியாமல் அடியில் படிகின்றன. அதனால்தான் பழைய ஒயினில் நிறம் வெளுக்கிறது, துவர்ப்பு மெத்தென்று ஆகிறது, மண்டியும் சேர்கிறது. மூன்றும் ஒரே காரியத்தின் மூன்று முகம். மண்டியைக் குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, வாயில் நறநறவென்று கசக்கும், அவ்வளவுதான்.

சரி, திறப்போம். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் சொல்லும் அறை ஐரோப்பாவில் இருக்கிறது, கம்பத்தில் இல்லை. 16, 18 டிகிரி, அதாவது பாட்டிலைத் தொட்டால் கைக்குக் குளுமை தெரிய வேண்டும், ஜில்லென்று இருக்கக் கூடாது. கார்க் ஸ்க்ரூவை நடுவில் நேராக, மெதுவாக இறக்குங்கள். இருபத்தைந்து வருடக் கார்க் உதிரும், பாதியில் ஒடியும். இரண்டு தகடு வைத்த திறப்பான் ஒன்று இருக்கிறது, கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் நுழைத்து, திருகியபடி இழுப்பது. பழைய பாட்டிலுக்கு அதுதான் நல்லது, ஆன்லைனில் கிடைக்கிறது. ஒடிந்தே போனாலும் பதற வேண்டாம். மிச்சத்தை உள்ளே தள்ளிவிட்டு மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது, வெறும் வெந்நீரில் அலசிக் காயவைத்தது வேண்டும். வீட்டுக் காபி ஃபில்டரில் வடிகட்டலாமா என்று யாராவது கேட்டு எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன், கூடாது. எத்தனை தேய்த்தாலும் டிகாஷன் வாசனை அதை விட்டுப் போகாது.

வேறு ஒரு கண்ணாடிக் கூஜாவுக்கு மாற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே செல்போன் டார்ச்சை எரியவிட்டுக்கொண்டு ஒரே சாய்ப்பில், நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் மண்டி கிளம்பிவிடும். கடைசியில் கழுத்துப் பக்கம் புகை மாதிரி ஒரு கோடு ஓடி வரும், அது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் இரண்டு விரல்கடை தங்கினால் தங்கட்டும்.

இதில் ஒரு விஷயத்தில் பலரும் இளம் ஒயினுக்குச் செய்வதைப் பழசுக்கும் செய்துவிடுகிறார்கள். இளசை மூன்று மணி நேரம் காற்றாட விட்டால் இளகும். பழசை அப்படி விட்டால் வாசனை எல்லாம் போய்விடும், குடிக்க உட்காரும்போது புளித்தண்ணிதான் மிஞ்சும். ஊற்றிய கையோடு ஆரம்பித்துவிடுங்கள், மெதுவாகக் குடியுங்கள், மாற்றம் எல்லாம் கிளாஸிலேயே நடக்கட்டும்.

எப்படி நடக்கும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குமுளியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு 1996 மெதோக் திறந்தார்கள். மெதோக் போர்தோவின் இடக்கரை, காபர்நே சோவின்யோன் கொடி கட்டிப் பறக்கும் இடம், 96 அவர்களுக்கு நல்ல வருடம். மழைக்காலம், வெளியே குளிர், பாட்டிலும் ஒயினுக்கான தனி ஃப்ரிட்ஜில் ஒழுங்காகக் கிடந்தது. ஊற்றியதும் கிளாஸை வெள்ளைத் தாள் மேல் சாய்த்துப் பார்த்தோம். நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்துக்கு வர வர செங்கல் நிறம், விளிம்பில் கிட்டத்தட்ட ஆரஞ்சு. முகர்ந்தால், பல வருடம் மூடிக் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்த வாடை. "அண்ணே, போச்சு போல" என்றார் நண்பர். கிளாஸை ஆட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தோம். அந்த வாடை விலகி, முதலில் பென்சில் சீவிய மர வாசனை வந்தது, அப்புறம் பிரிக்காத சுருட்டுக் கட்டு, கடைசியாக, வெளியே தோட்டத்தில் மழைக்கு நனைந்து கிடந்த சருகின் வாசனையே கிளாஸிலும். பழ வாசனை இருந்தது, ஆனால் புதுப் பழம் இல்லை, காய்ந்த அத்திப்பழம். வாயில் வைத்தால் புளிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, துவர்ப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, விழுங்கிய பிறகும் ருசி நாக்கை விட்டுப் போகாமல் நின்றது.

நண்பரின் அப்பாவுக்கும் ஒரு வாய் கொடுத்தோம். அவர் குடித்துவிட்டு, "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம், சத்தமே இல்லையே" என்றார். ஒயின் எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட எனக்கு அந்த ஒரு வரி பிடித்திருந்தது. பழைய ஒயின் என்றால் எல்லாம் அதிகமாக இருக்கும் என்று நினைத்து உட்காருகிறோம். உண்மையில் எல்லாமே குறைந்திருக்கும்: நிறம், பழம், துவர்ப்பு. குறைந்த இடத்தில் வேறு சில வாசனைகள் தலைகாட்டும், அதற்காகத்தான் இவ்வளவு பாடு. அது பிடிக்காவிட்டால் அதில் ஒரு தப்பும் இல்லை, இளம் ஒயினே குடியுங்கள், காசும் மிச்சம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிரங்குப் பெட்டி வாடை விலகிவிடும், ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்து, நேரமாக ஆக அது கூடிக்கொண்டே போனால் அது கார்க் கெட்டதால் வருவது. டிசிஏ என்ற ஒரு வேதிப்பொருள், ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். விலை உயர்ந்த பாட்டிலிலும் வரும், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தொட்டுக்கொள்ள? தயவுசெய்து கறிக்குழம்பு வேண்டாம், காராச்சேவும் வேண்டாம். மிளகாய்க் காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் வாய் எரியும், ஒயினின் ருசி ஒன்றும் தெரியாது. உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும் போட்டு வாட்டிய ஆட்டுக்கறி, அல்லது வெண்ணெயில் வதக்கிய காளான். குமுளிப் பக்கம் செய்கிற தேங்காய்ப்பால் இஷ்டுவும் ஆப்பமும் கூட ஒத்துவரும், பச்சை மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சார், பழைய ஒயினில் போதை அதிகமா? எங்கள் செட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இல்லை தம்பி. பாட்டிலில் அடைத்தபோது 12.5 சதவீதம் என்றால் இன்றும் ஏறக்குறைய அதேதான். சர்க்கரை தீர்ந்து, ஈஸ்ட் அடங்கிய பிறகுதான் இந்த வகை ஒயினைப் பாட்டிலில் அடைக்கிறார்கள், அதற்கப்புறம் ஆல்கஹால் எங்கிருந்து வரும்? போதைக்காக என்றால் இது உலகத்திலேயே நஷ்டமான வழி.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா பரணியில் பன்னீர் திராட்சை, சர்க்கரை, கோதுமை, கிராம்பு, பட்டை போட்டு ஒயின் வைப்பார். அதில் இரண்டு பாட்டிலைப் பத்து வருடம் வைத்துப் பார்க்கலாமா? வின்டேஜ் ஆகுமா?
– ஒரு வாசகி, குமுளி

பதில்: அம்மாவின் ஒயினை அந்தக் கிறிஸ்துமஸுக்கே கேக்கோடு குடித்துவிடுவதுதான் மரியாதை. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹம்பர்க், 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். அதன் சொத்தே அந்த ரோஜா வாசனைதான், அந்த வாசனைதான் முதலில் போகும். வருடக்கணக்கில் தாங்கிப் பிடிக்கிற டானின் அதில் குறைவு. பரணியைத் திறந்து கிளறும்போதெல்லாம் காற்றும் நிறைய உள்ளே போயிருக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வீட்டு ஒயினில் சர்க்கரை மிச்சம் இருக்கும், ஈஸ்ட்டும் முழுசாகச் சாகாமல் இருக்கும். இறுக்கி மூடி வைத்தால் உள்ளே மறுபடி நொதிக்க ஆரம்பித்து, வாயு சேர்ந்து, ஒரு நாள் ராத்திரி அலமாரியில் பாட்டில் வெடிக்கும். அப்படியானால் இனிப்பு ஒயின் எதுவுமே வயசாகாதா என்று கேட்பீர்கள். ஆகும், போர்ச்சுகலின் போர்ட் ஆகும். ஆனால் அதில் பாதி நொதிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள், ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். அதுவும் சர்க்கரையும் சேர்ந்து காப்பாற்றுகின்றன.

சட்டத்தையும் ஞாபகத்தில் வையுங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் வைப்பது அப்காரி சட்டப்படி (கேரளத்தின் மதுச் சட்டம்) குற்றம் என்று கேரளக் கலால் துறை 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் எச்சரித்தது. எல்லோர் வீட்டிலும் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். சொந்தக்காரருக்குக் கொடுக்கிறேன் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சோதனைச்சாவடி தாண்டிக் கம்பத்துக்கு இறங்காதீர்கள்.

கேள்வி: இருநூறு வருடத்து ஒயின் கோடிக்கணக்கில் ஏலம் போகிறது என்கிறார்களே, அதை யாராவது குடிக்க முடியுமா? வாட்ஸப்பில் எனக்கு "1945 ஒயின், குறைந்த விலை" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார்.
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வாட்ஸப்காரரை பிளாக் பண்ணிவிட்டு மேலே படியுங்கள்.

1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1787-ஆம் வருட லாஃபீட் என்ற போர்தோ ஒயின் ஒன்று 1,05,000 பவுண்டுக்குப் போனது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் பாட்டில் என்று சொன்னார்கள், அவருடைய பெயரின் முதலெழுத்துகள் கண்ணாடியில் பொறித்திருந்தன. வாங்கியது ஃபோர்ப்ஸ் குடும்பம். கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள், விளக்குச் சூட்டில் கார்க் காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது. நம்முடைய கம்பம் வாசகர் வருத்தப்பட வேண்டாம், லட்சம் பவுண்டு பாட்டிலுக்கும் அதே கதிதான்.

கதை அதோடு முடியவில்லை. அதே மூலத்திலிருந்து நான்கு பாட்டில் வாங்கிய பில் கோக் என்ற கோடீஸ்வரர், பின்னால் சந்தேகப்பட்டு ஆளை வைத்து விசாரித்தார். எழுத்துகள் மின்கருவியால் பொறித்தவை என்று அவருடைய நிபுணர்கள் சொன்னார்கள். அந்தப் பாட்டில்களைக் கண்டெடுத்ததாகச் சொன்ன ஜெர்மன்காரர் ஹார்டி ரோடன்ஸ்டாக் மேல் 2006-ல் வழக்கும் போட்டார்.

அதைவிட எனக்குப் பிடித்தது, பழைய ஒயின் சேகரித்து விற்றுவந்த ரூடி குர்னியவான் என்பவரின் விவகாரம். 2008-ல் நியூயார்க்கில் அவருடைய சரக்கு ஏலத்துக்கு வந்தது. அதில் பொன்சோ குடும்பத்தின் குளோ சேன் தெனி என்ற பர்கண்டி ஒயின், 1945-ஆம் வருடம் வரை பின்னால் போகிறது. லோரான் பொன்சோ பிரான்ஸிலிருந்து நேரே கிளம்பிப் போனார். அவர்கள் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைப் போட ஆரம்பித்ததே 1982-ல்தான். ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2013-ல் குர்னியவான் குற்றவாளி என்று தீர்ப்பு, அடுத்த வருடம் 10 ஆண்டு சிறை. கலிஃபோர்னியாவில் அவர் வீட்டைச் சோதனை போட்டபோது பழைய லேபிள், கார்க், மெழுகு எல்லாம் குவியலாகக் கிடந்தன. பெரிய பெரிய ரசிகர்கள் அவர் கலந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு ஆஹா என்றிருக்கிறார்கள். பழைய ஒயினின் ருசி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சத்தியம் செய்ய ஆளில்லை, ஏனென்றால் 1945-ஐ ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குக் குடித்தவர்கள் ரொம்பக் குறைவு. மோசடி வளர்வது அந்த இடுக்கில்தான்.

கேள்வி: தினம் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: மருந்தாக நினைத்துக் குடிக்காதீர்கள். மதுவில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்னைக் கேட்காமல் டாக்டரைக் கேளுங்கள். குடித்துவிட்டு மலைப்பாதையில் வண்டி எடுக்காதீர்கள் என்பதை இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரெஞ்சு ஒயின் மட்டும்தான் வயதாக ஆக நன்றாக இருக்குமா? மற்ற நாட்டுச் சரக்கு?
– ஒரு வாசகர், சின்னமனூர்

பதில்: பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1976-ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, லேபிளை மறைத்து ஒரு போட்டி வைத்தார், பிரெஞ்சு நடுவர்கள்தான் மதிப்பெண் போட்டார்கள். சிவப்பில் முதலில் வந்தது ஒரு கலிஃபோர்னியா ஒயின், 1973 ஸ்டாக்ஸ் லீப். உடனே என்ன சொன்னார்கள் தெரியுமா, இப்போது நன்றாக இருக்கும், வயதானால் நிற்காது, எங்களுடையதுதான் நிற்கும் என்று. முப்பது வருடம் கழித்து 2006-ல் அதே சிவப்பு ஒயின்களை மறுபடி ருசி பார்த்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிஃபோர்னியாவுக்கு, முதலிடம் 1971 ரிட்ஜ் மான்டே பெல்லோ.

இத்தாலியின் பரோலோ, ஸ்பெயினின் ரியோகா, ஆஸ்திரேலியாவின் நல்ல ஷிராஸ் எல்லாம் பல வருடம் நிற்பவை. நம் நாசிக், நந்தி மலை ஒயின்களில் இப்போது நல்ல சிவப்பு வருகிறது, ஆனால் அதை வாங்கி இருபது வருடம் வைக்க நான் சொல்லமாட்டேன். சில வருடத்துக்குள் குடித்துவிடுங்கள், இளமையில்தான் அதற்கு அழகு.

கேள்வி: வளைகுடாவிலிருந்து அடுத்த வருடம் ஊர் திரும்புகிறேன். டூட்டி ஃப்ரீயில் நல்ல ஒயின் வாங்கி, மகனின் கல்யாணத்துக்கு என்று பதினைந்து வருடம் வைக்க ஆசை. எது வாங்கலாம், எப்படி வைப்பது?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: ஆளுக்கு 2 லிட்டர்தான் அனுமதி. 750 மில்லி பாட்டில் இரண்டு வாங்கலாம், மூன்றாவது எடுத்தால் கணக்கு தாண்டிவிடும்.

ஒயினுக்கென்று தனி ஃப்ரிட்ஜ் வாங்கி, பதினைந்து வருடமும் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் வாங்கி வையுங்கள். இல்லையென்றால், அவர்களே வயதாக்கி விற்பதை வாங்குங்கள், அதுவும் கல்யாணத்துக்கு முந்தின மாதம். ரியோகாவில் கிரான் ரெசெர்வா என்று போட்ட சிவப்பு குறைந்தது ஐந்து வருடம் கழித்துத்தான் வெளியே வரும், அதில் இரண்டு வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்திருக்கும். போர்தோ விலையோடு பார்த்தால் மலிவு. இன்னொன்று டானி போர்ட், 10 வருடம், 20 வருடம் என்று லேபிளிலேயே போட்டிருக்கும், பீப்பாயிலேயே காற்றோடு பழகி வந்தது, மண்டி கிடையாது, திறந்த பிறகும் ஃப்ரிட்ஜில் சில வாரம் தாங்கும். கடலோரப் புழுக்கத்தில் வாழ்கிற நமக்கு அதைவிட ஒத்துப்போகிற பழைய ஒயின் கிடையாது என்பது என் கட்சி.

கேள்வி: பழைய ஒயினைத் திறந்து பாதிதான் குடிக்க முடிந்தது. மறுநாளைக்கு வைக்கலாமா?
– ஒரு வாசகி, உத்தமபாளையம்

பதில்: சின்ன பாட்டிலில் தளும்பத் தளும்ப ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் பத்து வருடத்து ஒயின் மறுநாளும் குடிக்கிற மாதிரி இருக்கும். இருபத்தைந்து, முப்பது வருடத்தது பெரும்பாலும் காலையிலேயே செத்திருக்கும். அடுப்பில் கறி வேகும்போது அதில் ஊற்றிவிடுங்கள், சாராய வாடை போகும்வரை கொதிக்கட்டும். அடியில் இருக்கும் மண்டியைச் சேர்க்காதீர்கள், கறி கசக்கும்.